மூன்றாம் ஓலை

சபையில் எல்லாருக்கும் ஒரு சங்கம் உண்டு. பால்குடி மறந்தவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளி, மீசை அரும்பியவர்களுக்கு வாலிபர் சங்கம், தாலி ஏறியவர்களுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம், தாலி இறங்கியவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம், குடித்துத் திருந்தியவர்களுக்குக்கூட மாதம் ஒரு சாட்சிக் கூட்டம். நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாத, ஆகவில்லையே என்று நாலு பேர் முன்னால் அழவும் செய்யாத பெண்ணுக்கு மட்டும் பாளையங்கோட்டையின் அந்தச் சபையில் எந்தப் பட்டியலிலும் இடமில்லை. ஸ்தோத்திரப் பண்டிகை விற்பனை விழாவின் கேக் போட்டி விண்ணப்பத்தில் ‘திருமதி’ என்று அச்சடித்த பிறகுதான் பெயருக்குக் கோடு போட்டிருந்தார்கள். கல்லூரியில் வேதியியல் சொல்லித்தரும் எப்சிபா அந்தத் திருமதியைக் குறுக்கே அடித்து, மேலே செல்வி என்று எழுதிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு இந்தப் போட்டியைப் போல அற்பமான காரியம் உலகத்தில் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அற்பமான காரியத்துக்கு நாலு வாரம் ஒத்திகை பார்த்தது ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. இப்போது சனிக்கிழமை மாலை மூன்று மணி. சபை மண்டபத்தின் கடைசி வரிசை இரும்பு நாற்காலியில், நன்றாக இஸ்திரி போட்ட சாம்பல் நிறப் பருத்திச் சேலையில், அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே வெள்ளைத் துணி விரித்த நீள மேசையில் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எண் எழுதிய அட்டைகள். எல்லா அட்டைக்கும் பின்னால் ஒரு கேக் இருந்தது, ஒன்பதுக்கும் பதினேழுக்கும் தவிர. பதினேழு அவளுடையது.

மேசையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. ‘வீட்டில் தயாரித்த கேக்’ என்று பின்னால் துணிப் பதாகை கட்டியிருந்தார்கள். வீடாவது ஒன்றாவது. மாவை வீட்டில் கலக்கி, டின்னில் ஊற்றி, மூடி போட்டு, கோவில் தெரு பேக்கரியின் விறகு அடுப்புக்கு அனுப்பிவிட்டுப் பகல் தூக்கம் போட்டுவிட்டு வந்தவர்கள்தான் அத்தனை பேரும். இருபது கேக்குக்கும் ஒரே கருத்த முகம், ஒரே புகை வாசம், வயிற்றுக்குள் ஒரே டூட்டி ஃப்ரூட்டி. பப்பாளிக்காயைச் சிவப்பிலும் பச்சையிலும் முக்கிச் சர்க்கரையில் ஊறவைத்துப் பழம் என்று பெயர் சொல்லி விற்கிற அந்தப் பொய்யைத் தின்று வளர்ந்த ஊர் இது. எப்சிபா அதைத் தொடமாட்டாள். அவளுடையது உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் மட்டும், கிராம் கணக்கில் நிறுத்து எடுத்தது. அடுப்பும் அவளுடையதுதான், போன டிசம்பரில் வாங்கிய மின்சார அடுப்பு, வெப்பம் எண்ணிச் சொல்லக்கூடியது. நாலு வாரத்தில் நாலு கேக் அதில் வெந்தன. நாலும் நடுவில் குழிந்தன. குழிந்ததற்கு நாலு காரணங்களை அவள் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஐந்தாவதற்கு இன்று காலை மாவு கலக்கியபோது மின்சாரம் போயிற்று. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் போகும் மின்சாரம் இன்று ஐந்து மணி நேரம் போனது. கலக்கிய மாவு காத்திருக்காது, அது அவளுக்குத் தெரியும், சோடா உப்பின் வீரியம் எத்தனை நிமிடம் என்று முதலாண்டுப் பெண்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் அவள். ஆகவே அவளும், மற்ற இருபத்தொரு திருமதிகளைப் போலவே, டின்னைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஆட்டோவில் ஏறி, கோவில் தெரு பேக்கரிக்குத்தான் போனாள். போகும் வழியெல்லாம் தெரிந்த முகம் எதுவும் எதிரே வந்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டே போனாள்.

வெளியே பந்தலில் கோழி ஏலம் நடந்துகொண்டிருந்தது. “ஒரு தரம்! ரெண்டு தரம்!” என்று ஒலிபெருக்கி இழுத்தது. இழுத்து அங்கேயே நின்றது. ஏலம் விடுகிறவனுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்பதில் ஒரு சுகம். யாராவது கையைத் தூக்குவார்களா என்று கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டிக் காட்டிக்கொண்டு நிற்பான். எப்சிபாவுக்கு அந்த நடுவிடம் தெரியும். அதில் இருபத்தொரு வருடமாகக் குடியிருக்கிறாள் என்று சொன்னால் மிகையாகிவிடும், அவள் மிகையைச் சகிக்கமாட்டாள். நடந்தது இவ்வளவுதான். இந்தச் சபையில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பு என்று அதற்குப் பெயர். எண்பத்தொன்பது ஏப்ரலில், ஞானதுரைக்கும் எப்சிபாவுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு வாசிக்கவில்லை. மாப்பிள்ளையை விடப் பெண் ஒரு பட்டம் கூடுதலாகப் படித்திருப்பது ஞானதுரையின் அம்மாவுக்கு இரண்டாம் ஓலைக்குப் பிறகுதான் உறைத்ததாம். ஞானதுரை நாலு வரியில் கடிதம் எழுதினான். ‘அம்மா மனம் ஒப்பவில்லை, மன்னிக்கவும்.’ ஒரு மனிதன் தன் கோழைத்தனத்தை நாலு வரிக்குள் அடக்க முடியுமென்றால் அதன் அளவும் அவ்வளவுதான் என்று அன்றைக்கே தீர்த்துவிட்டாள். அழவில்லை. அந்த ஜூலையில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். மறு வருடம் ஞானதுரைக்கும் டாக்டர் வீட்டுப் பெண் பியூலாவுக்கும் மூன்று ஓலையும் சுத்தமாக வாசித்தார்கள். அதற்குப் பிறகு இந்த மண்டபத்திலோ கோவிலிலோ எப்சிபாவின் பெயரை யாரும் உரக்க வாசித்ததில்லை. பிறந்தநாள் காணிக்கைக்குக்கூட அவள் உறையில் பெயர் எழுதாமல் போடுவாள். அது அடக்கம் என்று குருவானவர் நினைத்திருக்கக்கூடும்.

டின்னில்தான் சனி பிடித்தது. டின் என்ன பாவம் செய்தது, தாள்தான், எண் எழுதிய தாளை டின்னில் ஒட்டிய அவள்தான். இந்த ஊரில் எந்தப் பாத்திரமும் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் வராது. சீருக்கு வாங்குகிற குடம் முதல் கரண்டி வரை மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கல்யாணத் தேதி மூன்றையும் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்கள். அம்மா அவசரக்காரி. முதல் ஓலை வாசித்த மறுநாளே கடைக்குப் போய் எல்லாவற்றிலும் வெட்டிவிட்டாள். ‘ஞானதுரை – எப்சிபா 18-5-89.’ கல்யாணம் நின்ற பிறகு குடங்களையும் அண்டாவையும் அப்பா எடைக்குப் போட்டார். எட்டு அங்குல கேக் டின் ஒன்று மட்டும் எப்படியோ பரண்மேல் தங்கிவிட்டது. எப்படியோ என்ன எப்படியோ. அவள்தான் எடுத்து வைத்தாள். விளிம்பு நேராக இருக்கும், அடி கனம், வெப்பம் சீராகப் பரவும், இப்போது கடையில் கிடைக்கிற காகிதம் போன்ற டின்களுக்கு அது எவ்வளவோ மேல். அந்த ஒரு காரணம்தான். வேறு காரணம் இருந்தால் அதைச் சொல்ல அவளுக்கு என்ன பயம்? மூடியின் மேல் ‘17’ என்று எழுதிய தாளைப் பசை தடவி ஒட்டி பேக்கரியில் கொடுத்துவிட்டு, இரண்டு மணிக்குத் திரும்பிப் போனபோது, அடுப்பு மேஸ்திரி சுடலை அண்ணாச்சி கைகளைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“உங்க டின்னா டீச்சர்? எல்லாம் குடுத்தாச்சே.”

“பதினேழு என்று தாள் ஒட்டியிருந்தேன்.”

“தாளா!” அண்ணாச்சி உள்ளே திரும்பி யாரிடமோ சொல்லிச் சிரித்தார். “அடுப்புக்குள்ள தாளு நிக்குமா டீச்சர்? நீங்க படிச்சவியல்லா. நாங்க வெட்டின பேரைத் தடவிப் பாத்துத்தான் குடுப்போம். ஞானதுரை சார் வீட்டு டின்னுன்னு ரெண்டு கிடந்துச்சு. சார் வீட்டம்மா வந்து ரெண்டையும் வாங்கிட்டுப் போயிட்டாவ.”

பத்துப் பாஸ் பண்ணாத பெண்ணுக்கும் தெரிந்த விஷயம், பேக்கரி அடுப்பில் தாள் நிற்காது என்பது. அந்த அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்நேரம் பியூலா வீட்டுச் சமையல்கட்டு மேடையில் அந்த டின் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் அவளுடைய டின். இரண்டிலும் ஒரே மாப்பிள்ளை. பியூலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியை வாசிப்பாள். ஞானதுரையைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அவன் இந்த வருடம் சபைச் செயலர், தொப்பை வைத்துவிட்டது, தலையில் முன்பாதி போய்விட்டது, மேடையில் ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டி ‘அலோ அலோ’ என்று சோதித்துக்கொண்டிருக்கிறான், ஆகவே இன்னும் பார்த்திருக்க மாட்டான். ராத்திரி பார்ப்பான். எப்சிபா இதையா வைத்திருக்கிறாள், இத்தனை வருடம், என்று அந்த முட்டாள் நெகிழ்ந்துபோவான். அவன் நெகிழ்வதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வெறுப்பை ஒரு ஆண் ஆசை என்று புரிந்துகொண்டால் அதைத் திருத்த எந்தப் பாடத்திட்டமும் இல்லை. எழுந்து போய்விடலாம். பதினேழு காலியாகவே கிடக்கட்டும். போனால் ‘பாவம், அதுக்குக் கேக் வரல போலிருக்கு’ என்பார்கள். அந்தப் ‘பாவம்’ என்ற வார்த்தைக்கு அவள் இருபத்தொரு வருடமாக வாய்ப்பே தந்ததில்லை. வெளியே அடுத்த கோழி. ஒரு தரம். ரெண்டு தரம். போட்டியில் முதல் பரிசு வாங்குகிறவளின் பெயரை மேடையிலிருந்து மூன்று முறை வாசிப்பது இந்த விழாவின் வழக்கம். கைதட்டல் ஓய்வதற்காக ஆரம்பித்த வழக்கமாக இருக்கும். அதற்காகத்தான் வந்தாயா என்று உள்ளே ஏதோ கேட்டது. இல்லை என்று சொன்னாள். மறுபடி கேட்டது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பியூலா வந்தாள். பட்டுச் சேலை, நெற்றியெல்லாம் வேர்வை, கையில் பெரிய அட்டைப் பெட்டி, தோளில் துணிப்பை. இருபது வருடமாக எப்சிபா அவளை ஒரு வார்த்தையில் முடித்து வைத்திருந்தாள்: சேலை. அதற்கு உள்ளே ஆள் இருப்பதாக அவள் யோசித்ததில்லை. சேலை நேராகக் கடைசி வரிசைக்கு வந்து, பெட்டியை நாற்காலியில் வைத்து, மூச்சு வாங்கியது.

“அக்கா, மன்னிச்சுக்கிடுங்க. அண்ணாச்சி ரெண்டு டின்னையும் என் தலையில கட்டிட்டாரு. வீட்டுக்குப் போயித்தான் பாத்தேன்.”

அக்காவாம். யாருக்கு யார் அக்கா.

பியூலா துணிப்பையை அவள் மடியில் வைத்தாள். உள்ளே தினத்தாளில் சுற்றிய டின், வட்டம் தாளுக்குள்ளேயே தெரிந்தது. “கழுவித் துடைச்சிட்டேன். அவிய பாக்கல,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “பாக்கவும் வேண்டாம். பாத்தா அதுக்கு ஒரு வாரம் பெருமூச்சு விடுவாவ, யாரு கேக்குறது.”

நன்றி என்ற சொல் எப்சிபாவின் தொண்டை வரை வந்து, அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஏளனத்தில் மோதித் திரும்பிப் போயிற்று.

“ஒரு சங்கடம் என்னன்னா,” பியூலா பெட்டியைத் திறந்தாள், “அண்ணாச்சி ரெண்டையும் டின்னுலருந்து தட்டி இதுல வச்சிட்டாரு. ரெண்டும் எட்டு இஞ்சு. எது எதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே பாத்து எடுத்துக்கிடுங்க.”

இரண்டு கேக். ஒன்று நடுவில் மேடாக எழும்பி, உச்சியில் மெல்லிய வெடிப்போடு, நல்ல பிள்ளை போல இருந்தது. மற்றொன்றின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. விறகு அடுப்பின் சூடு வேறு, மின்சார அடுப்பின் சூடு வேறு, அடுப்பு மாறினால் எழுச்சியும் மாறும், குழிக்கு எழுதிய நாலு காரணங்களையும் இந்த முறை திருத்தியாயிற்று, ஆகவே எழும்பியிருப்பதுதான் தர்க்கப்படி அவளுடையது. தர்க்கம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதன் அடியில், தர்க்கம் போகாத இடத்தில், நாலு வாரமாக நாலு குழிகளைக் குனிந்து பார்த்த கண் அந்த ஐந்தாவது குழியைச் சொந்தப் பிள்ளையின் கோணல் பல்லைப் போல அடையாளம் கண்டது. கண்டதா? மண்டபத்தில் வெளிச்சம் போதாது. டாக்டர் வீட்டுச் சேலைக்கு இவ்வளவு எழும்பும் கேக் செய்யக் கை வருமா என்ன? வராது. “இது,” என்று மேட்டைக் காட்டினாள் எப்சிபா. பரீட்சை அறையில் விடைத்தாள் வாங்குகிற குரல். பியூலா ஒரு கணம் அவளைப் பார்த்தாள், பிறகு கேக்கைப் பார்த்தாள், “சரிக்கா,” என்றாள். மேட்டைப் பதினேழில் வைத்தாள். குழியை எடுத்துக்கொண்டு ஒன்பதுக்குப் போனாள்.

மதுரையிலிருந்து வந்திருந்த நடுவர் அம்மாள் கேட்டரிங் கல்லூரிக்காரி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் தைத்த நீலத் திரைக்குப் பின்னால் கேக்குகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வெட்டிச் சுவைத்தார்கள். அரை மணி நேரம். மடியில் டின் கனத்தது. தாளுக்கு மேலேயே விரலை ஓட்டினாள், புள்ளிகள் தட்டுப்பட்டன, எடுத்துவிட்டாள். இவர்களுக்கு என்ன தெரியும் சுவையைப் பற்றி? கையளவு கிராம்பைப் போட்டால் நல்ல கேக், ரெண்டு கையளவு போட்டால் மிக நல்ல கேக். அந்த நடுவர் அம்மாளுக்கே என்ன தெரியும்? மூன்று வருட டிப்ளமோ. இந்தக் கூட்டம் கொடுக்கிற பரிசு வேண்டுமென்று ஒருத்தி ஆசைப்பட்டால் அவளும் இந்தக் கூட்டம்தான். அவள் ஆசைப்படவில்லை. திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள்? பதினேழை வெட்டும்போதா? எழுந்து போய், அம்மா, ஒன்பதும் பதினேழும் மாறியிருக்கலாம் என்று சொன்னால் என்ன? மாறியிருக்கலாம், அவ்வளவுதான், சந்தேகம் என்பது நேர்மையான சொல், ஆய்வுக்கூடத்தில் தினமும் புழங்குவது. சொல்ல ஐந்து வினாடி ஆகும். மாறியிருக்காவிட்டால் கேலிதானே மிச்சம்? மாறியிருந்தால் குழி அவளுடையது என்று ஊருக்கே தெரியும். காலைச் சற்று அசைத்தாள். எழவில்லை. ஏலக்காரன் மைக்கில் இருமினான். திரை விலகியது.

ஞானதுரை தாளோடு வந்தான். மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு, யார் யாரோ திருமதிகள். “முதல் பரிசு, பதினேழாம் எண்.” பட்டியலில் விரல் வைத்துப் பெயரைத் தேடினான். விரல் நின்றது. அந்த விரல் நின்ற இடத்தை எப்சிபா கடைசி வரிசையிலிருந்து பார்த்தாள். வழுக்கை விளக்கில் மின்னியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “செல்வி எப்சிபா,” என்றான். கைதட்டல். “செல்வி எப்சிபா,” என்றான். வெளியே ஏலம்கூட நின்றிருந்தது, அல்லது அவளுக்குக் கேட்கவில்லை. இப்போது நிறுத்துவான். இவன் இங்கேதான் நிறுத்துகிறவன். “செல்வி எப்சிபா,” என்றான் மூன்றாவது முறை, இவ்வளவு சுலபமாக, மளிகைச் சீட்டு வாசிக்கிறவனைப் போல. இதற்குத்தானா? உள்ளே ஏதோ சரிந்து உட்கார்ந்தது, கேக்கின் நடுப்பகுதியைப் போல. அவள் டின்னை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, மேடையேறி, குருவானவர் மனைவி கையிலிருந்து எவர்சில்வர் கோப்பையை வாங்கினாள். கோப்பையில் பெயர் வெட்டவில்லை. வென்றவர்களே வெட்டிக்கொள்ள வேண்டுமாம்.

வென்ற கேக்கை மேசையில் வைத்துத் துண்டு போட்டுச் சபையாருக்குக் கொடுத்தார்கள். முதல் துண்டைக் காகிதத் தட்டில் அவள் கையிலேயே வைத்தார்கள். வெட்டுமுகத்தில், கருஞ்சிவப்பு மாவுக்கு நடுவே, சிவப்பும் பச்சையுமாய், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாய், டூட்டி ஃப்ரூட்டி மின்னியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்சிபா தின்றாள். நன்றாக இருந்தது. அதுதான் மன்னிக்க முடியாதது, உண்மையிலேயே நன்றாக இருந்தது. இப்போதாவது சொல்லலாம். வாயில் கேக் இருந்தது. விழுங்கிய பிறகு சொல்லலாம். விழுங்கினாள். கோப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டிருந்த கை அதை விடவில்லை. பியூலா தன் துண்டை மென்றுகொண்டே பக்கத்தில் வந்து நின்றாள்.

“பொடிசா நறுக்கிப் போட்டாத்தான் அடியில தங்காது, இல்லியாக்கா?”

எப்சிபா அவளைப் பார்த்தாள். பட்டுச் சேலைக்குள்ளிருந்து இரண்டு கூர்மையான கண்கள் பார்த்தன. எத்தனை வருடமாக அங்கே இருந்தனவோ.

“நான் சொல்லப் போறதில்ல,” என்றாள் பியூலா. “எனக்கு வீட்ல நாலு கோப்பை கிடக்கு, துடைச்சு மாளல. உங்க கண்ணு நல்ல கண்ணுக்கா. இன்னைக்கு நல்லதாப் பாத்து நீங்க எடுத்துக்கிட்டீங்க.” மேடையில் ஞானதுரை ‘அலோ அலோ’ என்று மறுபடி தட்டத் தொடங்கியிருந்தான். அந்தப் பக்கம் தாடையை நீட்டிக் காட்டினாள். “அன்னைக்கு நான் பாக்காம எடுத்தேன். நடுவுல குழி.”

சொல்லிவிட்டு விரலை நக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தொரு வருடத்தில் அந்த மண்டபத்தில் அவளுக்கு வந்த முதல் நிஜமான சிரிப்பு அது. சிரித்திருந்தால் ஒரு சிநேகிதி கிடைத்திருப்பாள். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, டின்னை எடுக்கப் போனாள்.

மறு வருடம் அவளை நடுவராகக் கூப்பிட்டார்கள். போனாள். பன்னிரண்டு வருடம் நடுவராக இருந்தாள். டூட்டி ஃப்ரூட்டி போட்ட எந்தக் கேக்குக்கும் பரிசு கொடுக்கவில்லை, ஆகவே பியூலாவுக்கு அதன்பின் பரிசே கிடைக்கவில்லை. பியூலா ஒவ்வொரு வருடமும் டூட்டி ஃப்ரூட்டி போட்டே கொண்டுவந்தாள். இருவரும் கேக்கைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. எப்சிபா ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றாள். கோப்பையில் பெயர் வெட்டவில்லை. டின்னில் அரிசி அளக்கிறாள். அந்தப் போட்டிக்குப் பிறகு ஒரு கேக்கும் அவள் செய்யவில்லை.